ஊசி போட்ட இடத்தில் என் கை

"எலிக்கு ஊசி போடவா இம்மாம் படிச்ச? எங்கூட்டாண்ட வா, சும்மாவே பத்து எலி ஓடிக்கினு கீது" என்று அத்தை சொன்னபோது வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது அடையாறில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஆக்ஸிடோசின் என்பது மூளை சுரக்கும் சின்னஞ்சிறு புரதத் துண்டு. அது எலிக்கு இன்பம் தருகிறதா என்று பார்க்க இரண்டு அறைகள் கொண்ட பெட்டி வைத்திருந்தோம். ஒருநாள் ஆக்ஸிடோசின் போட்டு வெள்ளை அறையில் விடுவோம். மறுநாள் வெறும் உப்புநீர் போட்டுக் கறுப்பு அறையில். கடைசியில் நடுக்கதவைத் திறந்தால், பிடித்த அறைக்கு எலி தானே போகும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் உண்டு. அவற்றுக்கு எல்லா நாளும் உப்புநீர்தான். அவை எந்தப் பக்கமும் சாயக்கூடாது. வெள்ளை அறை நாட்களில் ஊசி போடுவது நான், கறுப்பு அறை நாட்களில் சீனியர் அண்ணா.

உப்புநீர் எலிகளும் வெள்ளை அறைக்கே போயின.

"பாட்டிலை மாத்திட்டியாப்பா?" என்று எங்கள் ஆய்வை வழிநடத்தும் மேடம் அண்ணாவைக் கேட்டார். மருந்து கலந்தவர் அண்ணாதான். "இல்ல மேடம்" என்றார் அவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் மயிலாப்பூரில் தடுப்பூசி போட்டுவிட்டு வரும்போது, பஸ்ஸில் வீடு வரைக்கும் அம்மா அந்த இடத்தைத் தேய்த்துவிட்டபடியே வருவாள். அந்தப் பழக்கத்தில் நானும் ஊசி போட்ட எலிகளை மெல்லத் தேய்த்துவிட்டிருந்தேன்; அந்தச் சுகம் அவற்றுக்கு வெள்ளை அறை நாட்களில் மட்டும்தான். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் பழி அண்ணா மேல்.

"பாட்டில் சரியாதான் இருக்கு மேடம். தப்பு என் கையில" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லா எலியையும் தேச்சியா?"

"ஆமா மேடம்."

"ஒண்ணைக்கூட விடல?"

"விடல."

"தப்பைக்கூட இவ்ளோ ஒழுங்கா பண்ணியிருக்க." மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதைத் தூக்கிப் போட்டுடு. ஆனா வெறும் தேய்ப்புக்கே அங்க போகுதுன்னா, அப்ப அது மூளையில என்ன நடக்குதுன்னு யார் பார்க்கறது?"

டீக்கடையில் அண்ணா சொன்னார்: "உங்கம்மா உனக்குத் தேச்சுவிட்டதுக்கு நான் மேடம்கிட்ட பாட்டு வாங்கினேன் பாரு."

இரண்டு நாள் உட்கார்ந்து புதுத் திட்டம் எழுதினேன். சில எலிகளைத் தேய்ப்போம், சிலவற்றைத் தேய்க்கமாட்டோம். தேய்ப்பவற்றில் பாதிக்கு, ஆக்ஸிடோசின் வேலை செய்யாதபடி தடுக்கும் மருந்தை முன்பே கொடுப்போம். அவை வெள்ளை அறையைத் தேடாமல் போனால், தொடுகையின் சுகம் ஆக்ஸிடோசின் வழியாகத்தான் வருகிறது என்று சொல்லலாம். ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் குழுவிடம் நேற்றுக் காலை கொடுத்துவிட்டேன்.