பாந்த்ராவில் ஒரு வெள்ளிக் கால்

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்த பெண்மணி ஒருவர் வழிமறித்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான மங்கைய பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போனது? புருசன் போயி வருசங்கூடத் திரும்பல அப்ப... ஊரே பேசுது!"

"ஆமாங்க, நாந்தான். அவளுக்கு வடா பாவ் ரொம்பப் புடிச்சிருந்துது" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஊர் பேசுகிறதாம். பேசட்டும். ஆனால் முழுக்கதையும் தெரிந்துகொண்டு பேசட்டும். அதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

மங்கை, ஸ்டெல்லா, நான் – மூன்று பேரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்கள். ஸ்டெல்லாவும் நானும் ரிட்டயர் ஆகிவிட்டோம். மங்கை மட்டும் இன்னும் சூப்பரிண்டெண்டாக இருக்கிறாள். வீடு சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். தினமும் பஸ்ஸில் கடலூர் வந்து போகிறாள். ஒரே மகன், பெங்களூரில் வேலை. கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்காக முடிவெடுக்கும் வேலையைக் கணவரின் அண்ணன் எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். "ஒத்தப் பொம்பள, நாமதான பாத்துக்கணும்" என்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்குப் போகக் கூடாது, மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது, வருஷம் திரும்பட்டும். சரி, சம்பிரதாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சில்வர் பீச்சுக்கு வந்து சுண்டல் தின்னக்கூட அவரிடம் கேட்க வேண்டுமா? ஓர் ஆபீஸையே கட்டி மேய்க்கிறவளுக்கா இந்தக் கதி?

ஒருநாள் மங்கை சொன்னாள். "எனக்கு எங்கயாச்சும் போவணும்டி. வேண்டுதல் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, துக்கம் இல்ல. சும்மா போவணும்."

பம்பாய் என்று முடிவானது. வீட்டில் என்ன சொல்வது? வழி கண்டுபிடித்தது ஸ்டெல்லா. "வேளாங்கண்ணின்னு சொல்லு. உங்க சாமிக்குத்தான தீட்டு கீட்டெல்லாம்? எங்க மாதாவுக்கு ஏது?"

யோசித்துப் பாருங்கள்... எந்த மலையில் ஏறக் கூடாது, எந்தக் கொடிமரத்தைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்ட நம் பெரியவர்கள், மாதா கோயிலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமே? அதற்கும் பதில் வைத்திருந்தாள். "நவநாள் ஜெபம்னு சொல்லு. ஒம்பது நாள் தங்கியாவணும்." வேளாங்கண்ணி தெற்கே இருக்க, மங்கை எதற்கு வடக்கே கடலூருக்கு வர வேண்டும்? ஸ்டெல்லாவின் பங்குக் கோயில் வேன் அங்கிருந்துதான் கிளம்புகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

ஆனால் கிளம்புகிற அன்று அவர் மனைவி சரோஜா அக்கா ஓடி வந்து, மங்கையின் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார். உள்ளே வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கால். அக்காவுக்கு முட்டிவலி. "மாதா காலடியில போட்டுட்டு வாம்மா. உன்னத்தான் நம்பியிருக்கேன்."

விழுப்புரத்தில் தாதர் ரயில் ஏறினோம். மங்கை ஹேண்ட்பேகை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "நம்பிக் குடுத்திருக்காங்கடி... அந்த வெள்ளிக் கால நான் பம்பாய்க்குத் தூக்கிட்டுப் போறேன்" என்று புலம்பினாள். நானும் ஸ்டெல்லாவும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பம்பாயில் காலை வைத்ததும் ஆளே மாறிவிட்டாள். டபுள் டெக்கர் பஸ்ஸில் மாடிக்கு முதலில் ஏறியவள் அவள்தான். கேட்வேயில் படகு, மரீன் டிரைவில் காற்று, லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் இடிபட்டுக்கொண்டே ஒரு மராத்திக்காரம்மாவோடு சைகையில் அரட்டை. கொலாபா பிளாட்பாரத்தில் ஒரு கூலிங் கிளாஸை, பாதி தமிழ் பாதி விரல் பாஷையில் பேரம் பேசி வாங்கி மாட்டிக்கொண்டாள். பச்சை சுடிதார், கறுப்புக் கண்ணாடி. பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் சாயங்காலமானால் அண்ணனிடமிருந்து போன் வரும். "ஜெபம் நல்லா நடக்குது மாமா" என்பாள். வைத்துவிட்டு, ஹேண்ட்பேகைத் திறந்து வெள்ளிக் கால் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்டெல்லா எங்களைப் பாந்த்ராவுக்கு அழைத்துப் போனாள். கடலுக்கு மேலே குன்றில் ஒரு மாதா கோயில். வாசல் கடைகளில் மெழுகில் செய்த கை, கால், வீடு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதை வாங்கிப் படைக்கிறார்கள். மங்கையின் கண் விரிந்தது.

"போடு இங்க. மாதா ஒண்ணுதான்டி, பிராஞ்ச்தான் வேற" என்றாள் ஸ்டெல்லா.

மங்கை கைகூப்பி, வெள்ளிக் காலைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அப்போது போன் அடித்தது. வீடியோ கால். அண்ணன்!

ஸ்டெல்லா பரபரத்தாள். "அப்பிடியே நில்லு! கோயில் தெரியற மாரி புடி. மொதல்ல கூலிங் கிளாஸக் கழட்டு!"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? பின்னால் மாதா கோயில், கையில் மெழுகுவத்தியோடு ஜனங்கள், கடல் காற்று. வேளாங்கண்ணி என்றால் யாரும் நம்புவார்கள். மங்கை போனை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"என்னாம்மா, மாதா கோயில்லதான் இருக்கியா?"

"கோயில்தான் மாமா. ஆனா வேளாங்கண்ணி இல்ல. பம்பாய்."

"என்னாது?"

"பம்பாய் மாமா. ஜெபத்துக்கு வரல. சும்மா சுத்திப் பாக்க வந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னது தப்பு. வந்தது தப்பில்ல."

அந்தப் பக்கம் வெடித்தது. "எந் தம்பி போயி வருசம் திரும்பல, உனக்கு பம்பாய் கேக்குதா? வருஷத் திதிக்கு உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், பாத்துக்கோ!"

அண்ணன் இல்லாமல் திதி என்றால் சொந்தக்காரர் ஒருத்தர்கூட வர மாட்டார். மங்கைக்கு அது தெரியும். இருந்தும் குரல் நடுங்கவில்லை.

"திதி கொடுக்க எம்புள்ள இருக்கான் மாமா. நீங்க வந்தா சந்தோஷம். வரலன்னா வருத்தந்தான். அதுக்காக நான் உள்ளயே உக்காந்திருக்க முடியாது."

அப்போது அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. சரோஜா அக்கா.

"மங்கை, எங்காலு என்னாச்சு?"

"போட்டாச்சுக்கா. இங்க மாதாகிட்ட."

"சரி சரி... அந்தப் பக்கம் தெரியறது கடலா? போனக் கொஞ்சம் திருப்பிக் காட்டு!"

அண்ணன் அவர் பக்கம் திரும்பிக் கத்தியதோடு போன் கட்.

மங்கை படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூன்று பேரும் குல்ஃபி சாப்பிட்டோம். "எதுக்குடி சொன்ன? மாட்டியிருக்கவே மாட்டியே!" என்று கேட்டேன்.

"பொய் சொல்லிட்டு வந்தா திருடிட்டு வந்த மாரி இருக்கு. எனக்கு வேணுங்கறத நான் எதுக்குடி திருடணும்?"

இத்தனை வருஷத்தில் எத்தனை சினிமாவுக்கு 'பிரதோஷம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம்? நம் வீட்டுப் பெண்கள் வாசலைத் தாண்ட ஒரு சாமியின் சிபாரிசு வேண்டியிருக்கிறது. ஆண்களை யாராவது கேட்கிறார்களா? "சும்மா பாண்டி வரைக்கும்" என்றால் போதும்.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்மணி மறித்தபோது நான் போய்க்கொண்டிருந்தது அந்த வருஷத் திதிக்குத்தான். மகன் காரியம் செய்தான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. அண்ணன்? வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். வடையை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஸ்டெல்லாதான் பரிமாறினாள்.

நேற்று மங்கை, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டாளாம். எனக்கும் அனுப்பியிருந்தாள்: "ஜனவரியில் டெல்லி போகிறேன். சும்மா சுற்றிப் பார்க்க. கோயில் எதுவும் பிளானில் இல்லை."

முதல் பதில் சரோஜா அக்காவிடமிருந்து: "எனக்கும் சேத்து டிக்கெட் போடு. கால் இப்ப பரவால்ல."