லிஸ்பனுக்குப் போகாத றோசலின் ரீச்சர்

இறால் உரிக்கும்போது வரும் தொலைபேசி அழைப்புகளை நான் எடுப்பதில்லை. கை நாறும், பிறகு போனும் நாறும். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை விடாமல் மூன்று தடவை அடித்தது. யாருக்கோ சுகமில்லைபோல என்று பயந்து, முழங்கையால் தட்டி எடுத்தேன்.

"மிசிஸ் பரிமளாவா? றோசலின்ங்கிறவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

கொழும்புத் தமிழ். இளம் ஆண்குரல். பெயரும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை.

தெரியுமாவா? இருபத்திரண்டு வருடம் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் தமிழ், அவர் கணிதம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. "தெரியும், ஏன்?" என்றேன்.

"அவங்க எங்க கிரெடிட் கார்டுக்குக் காசு கட்டாம இருக்காங்க. போனும் எடுக்கிறதில்ல. நீங்கதான் அவங்களோட ரெஃபரன்ஸ். கொஞ்சம் சொல்லி வைங்க மேடம். இல்லாட்டி லீகலா போக வேண்டி வரும்."

யார் இது, எந்தக் கார்ட் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

நான் இறாலையும் சட்டியையும் அப்படியே மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். றோசலின் அக்காவின் வீடு கல்லடியில். பாலத்தைத் தாண்டும்வரை எனக்கு ஒரே யோசனை. கன்டீன்காரருக்கு ஐந்து ரூபா மிச்சம் கொடுக்க மறந்துவிட்டார் என்பதற்காக, மழையில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்த மனுஷி இவர். இவரா கடன்காரி?

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

"உனக்கும் எடுத்திட்டானுகளா?"

அவ்வளவுதான். வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். அறுபத்துநாலு வயது. பாடசாலையில் ஒரு நாளும் அழுது பார்த்ததில்லை. கணவர் இறந்தபோதுகூட எங்கள் முன்னால் அழவில்லை.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் அவருடைய போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. போர்த்துக்கல் நாட்டில், லிஸ்பன் நகரத்தில், ஒரு சப்பாத்துக் கடையில் உங்கள் கார்டைத் தேய்த்து இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாவுக்குப் பொருள் வாங்கியிருக்கிறீர்கள், நன்றி!

நானூறு வருடத்துக்கு முன் போர்த்துக்கேயர் இங்கே மட்டக்களப்புக்கு வந்து கோட்டை கட்டினார்கள். பதில் மரியாதைக்கு நம்மில் ஒருவர் அங்கே போய்ச் சப்பாத்து வாங்கியிருக்கக் கூடாதா என்று வங்கி நினைத்திருக்கும். ஆனால் போனவர் றோசலின் அக்கா இல்லை. அவர் வெளியில் போட்டுக்கொண்டு திரிவது ரப்பர் செருப்பு.

உடனே வங்கிக்கு எடுத்திருக்கிறார். தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்... அழுத்தினார். பாட்டு. தமிழ் பேசும் எமது அலுவலர்கள் வேறு வாடிக்கையாளர்களுடன்... மறுபடி பாட்டு. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு பிள்ளை வந்தது.

"கார்ட் உங்க கையில இருக்கா மேடம்?"

"ஓம், இஞ்ச என்ட கையிலதான் இரிக்கி."

"அப்படின்னா நீங்கதானே பாவிச்சிருக்கணும்?"

இந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள். கார்ட் தொலைந்திருந்தால், ஏன் தொலைத்தாய் என்று கேட்பார்கள். தொலையாமல் இருந்தால் திருடி நீதான்!

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு முறைப்பாட்டுப் படிவம் வாங்கினார். எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம். அதில் ஒரு நிபந்தனை: குறித்த நாளில் நீங்கள் அந்த நாட்டில் இருக்கவில்லை என்பதை நிரூபிக்கப் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து அனுப்பவும்.

அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறந்ததிலிருந்து எடுத்ததே இல்லை. அதைச் சொன்னால், "அப்படின்னா பாஸ்போர்ட் இல்லைங்கிறதுக்கு ஒரு டொகியுமென்ட் அனுப்புங்க மேடம்" என்றார்களாம். அதுவரைக்கும்? விசாரணை முடியும்வரை ஆகக் குறைந்த தொகையையாவது மாதாமாதம் கட்டத்தான் வேண்டுமாம். பழைய கார்டை நிறுத்திப் புதுக் கார்ட் அனுப்பியதற்குத் தனியாக ஒரு கட்டணம் வேறு.

"இரண்டு மாசம் கட்டினன்கா, பென்ஷன் காசில" என்றார். "கணக்குப் பார்த்தன். இப்பிடியே கட்டினா எனக்கு எண்பத்தொரு வயசிலதான் முடியும். அந்தச் சப்பாத்து அதுக்குள்ள பிஞ்சு போயிரும்."

அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தார். நல்லகாலம்.

மூன்றாம் மாதம் கிணற்று மோட்டர் எரிந்துபோனது. கட்ட முடியவில்லை. அடுத்த கிழமையே போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். அவர் எடுப்பதை நிறுத்தினார். உடனே அவர்கள், கார்ட் எடுத்தபோது படிவத்தில் அவர் எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒன்று நான். மற்றவர் அவருடைய மெதடிஸ்த சபையின் செயலாளர்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லல்ல?"

"என்னண்டுகா சொல்ற? செயலாளர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய என்னைத் தனியாக் கூப்பிட்டார். 'கஷ்டமெண்டாச் சொல்லுங்க ரீச்சர், ஏழைகள் நிதி இரிக்கி' எண்டார். நல்ல மனசோடதான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலயே செத்திருக்கலாம்போல இரிந்திச்சி. மறுகா நான் கோயிலுக்குப் போகல்ல."

மூன்று ஞாயிறு. நான் முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. சந்தையில் நான் வழமையாக வாங்குவது அரைக் கிலோ இறால். ஒரு நாள் திடீரென்று பத்துக் கிலோ நண்டு கேட்டால், மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "என்ன ரீச்சர், வீட்டில விசேஷமோ?" எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். ஆறு வருடமாக மருந்துக் கடையைத் தவிர வேறெங்கும் தேய்க்கப்படாத ஒரு கார்ட், ஒரு பின்னேரம் லிஸ்பனில் சப்பாத்து வாங்குகிறது. கண்ணாடிக் கட்டடமும் கம்ப்யூட்டரும் வைத்திருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பத் தெரிகிறது. கொழும்பு ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு இருபது வீதம் கழிவு என்று மட்டக்களப்புக்குச் செய்தி அனுப்பத் தெரிகிறது. ஒரு கேள்வி கேட்கத்தான் தெரியாது.

அடுத்த நாள் இருவருமாகக் கிராம சேவகரிடம் போனோம். அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ரீச்சர், இரிக்கிறதுக்கு அத்தாட்சி கேட்டா நான் தருவன். இல்லாததுக்கு என்னத்த எழுதுற?"

கடைசியில் எழுதினார். மேற்படி நபர் எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர். நானறிந்தவரை வெளிநாடு சென்றவரல்லர். கொழும்புக்கும் எப்போதாவதுதான் செல்வார். கீழே கையெழுத்து, முத்திரை.

அந்தக் கடிதத்தோடு டவுனில் உள்ள வங்கிக் கிளைக்குப் போனோம். மெனேஜர் இளைஞர், கழுத்தில் டை. கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது தமிழில இருக்கு மேடம். ஹெட் ஒஃபிசுக்கு இங்கிலீஷ்ல வேணும். அதோட, இது கார்ட் டிவிஷன்ட விஷயம். பிராஞ்சுக்கும் அதுக்கும் தொடர்பில்ல."

தொடர்பில்லையாம்! ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து, ஆளுக்கொரு குடையை நீட்டி, "சும்மா ஒரு சைன் மட்டும் ரீச்சர், எனக்கு டார்கெட் முடியும்" என்று கெஞ்சியது எந்த டிவிஷன்? அந்தப் பிள்ளை பாவம் என்றுதான் அக்கா கையெழுத்தே போட்டார். கார்ட் தரும்போது வங்கி முழுக்க ஒரே குடும்பம். பிரச்சினை வந்தால் அண்ணன் யாரோ, தம்பி யாரோ.

எனக்கு வாய் நிறைய வந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அடையாளத்துக்கு வேண்டுமென்று கொண்டுவந்திருந்த தன் வங்கிப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"பரிமளா... இஞ்ச பார்."

பார்த்தேன். அந்த எஸ்.எம்.எஸ். வந்த அதே நாள். பென்ஷன் நாள். காலையில் வந்து பத்தாயிரம் ரூபா எடுத்திருக்கிறார். பக்கத்தில் ஊதா நிற முத்திரை. இதே வங்கி, இதே கிளை.

மூன்று மாதமாக இதை எப்படி மறந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அவரே சொன்னார்: "அவனுகள் பாஸ்போர்ட்டக் கேட்டானுகள். நானும் பாஸ்போர்ட்டையே யோசிச்சிக்கிட்டு இரிந்திட்டன். அண்டைக்கு எங்க இரிந்தாய் எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே."

பிறகு எழுந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்தார். இருபத்திரண்டு வருடமாக நான் வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட அந்தக் குரல் வந்தது.

"தம்பி, ஒரு கணக்கு. ஒரு பொம்புளை காலம்பற பத்து மணிக்கு உங்கட கவுண்டரில நிண்டு காசெடுக்கிறா. முத்திரை இரிக்கி. அதே நாள், நம்மட நேரம் பின்னேரம் நாலு மணிக்கு, லிஸ்பன் கடையில நிண்டு சப்பாத்து வாங்குறா. எஸ்.எம்.எஸ். இரிக்கி. இடையில ஆறு மணித்தியாலம். இஞ்சயிருந்து கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போறதுக்கே பஸ்ஸுக்கு எட்டு மணித்தியாலம் வேணும். அவ என்ன வேகத்தில போனா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மெனேஜர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கினார், முத்திரையைப் பார்த்தார், கவுண்டரில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் மேடம், உட்காருங்க" என்று சொல்லி உள்ளே போனார். தொடர்பே இல்லாத அந்தக் கார்ட் டிவிஷனுக்கு அவரே போன் எடுத்தார். எங்களுக்கு நெஸ்கபேயும் வந்தது.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. குறித்த தொகை நீக்கப்பட்டது. வட்டியும் தாமதக் கட்டணமும் – கவனியுங்கள் – "எமது நல்லெண்ணத்தின் அடிப்படையில்" தள்ளுபடி செய்யப்பட்டன. கட்டிய காசும் திரும்ப வந்தது. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன். கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

என் வீட்டை எரித்துவிட்டு, நல்லெண்ணத்தின் அடிப்படையில் ஒரு வாளி தண்ணீர்!

நான் என்றால் அதோடு விட்டிருப்பேன். அக்கா விடவில்லை. அன்றைக்கே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார். இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டோம்.

"மகள், எனக்கு வேற ஒண்டும் வேணாம். எங்கட சபைச் செயலாளருக்கும் பரிமளாவுக்கும் கோல் எடுத்து நான் கடன்காரி எண்டு சொன்னீங்கதானே? அதே ஆக்களுக்கு இன்னொரு கோல் எடுத்து, அது பிழை எண்டு சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம். பிறகு பதில்.

"அப்படி ஒரு புரொசீஜர் எங்ககிட்ட இல்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அக்கா போனை வைத்தார்.

இந்தக் கொம்பனிகளிடம் நமக்கு என்ன வேண்டும்? புள்ளிகளா, குடையா, கொழும்பு ஹோட்டலில் கழிவா? ஒரு மனுஷியைப் பற்றி ஊருக்குப் பிழையாகச் சொன்ன வாய், அதே ஊருக்குச் சரியாகவும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவையில்லை. கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும். அதுதான் அவர்களிடம் ஸ்டொக்கில் இல்லை.

"பரிமளா, நீ கிழமைக்கு ஒருக்கா பேப்பரில எழுதுறதுதானே" என்றார் அக்கா. "செயலாளர் அதை விடாம வாசிக்கிற ஆள்."

"பேரைப் போடவா அக்கா?"

"போடுகா. அவனுகளும் என்ட பேரைச் சொல்லித்தானே எடுத்தவனுகள்."

ஆகவே, செயலாளர் ஐயா அவர்களுக்கு: றோசலின் ரீச்சர் எவருக்கும் ஒரு சதமும் கடன் இல்லை. வருகிற ஞாயிறு கோயிலுக்கு வருவார்.

இதைச் சொல்ல எனக்கு எந்தப் புரொசீஜரும் தேவைப்படவில்லை.