ஏரோட்ரோம் வேலி

ஓட்டுக்கூரை அதிர ஒரு போர்விமானம் தாழப் பறந்தது. டம்ளரில் காபி நடுங்கியது. நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் பயணிகள் விமானமும் இறங்கப்போகிறதாம், ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு அந்த வேலிதான் நினைவுக்கு வருகிறது.

அப்பா மஸ்கட்டுக்குக் கொத்து வேலைக்குப் புறப்பட்ட அன்று எனக்கு ஏழு வயது. விமானம் என்றால் எங்கள் வயலுக்கு அப்பால் இருக்கும் இந்த ஏரோட்ரோம்தான் என்று நம்பியிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் வரப்பு வழியே ஓடி, முள்கம்பி வேலியருகே வெகுநேரம் நின்றேன். சேற்று வாடையோடு எரிந்த எண்ணெய் வாடையும் வந்துகொண்டிருந்தது. களை பறித்துக்கொண்டிருந்த செல்வி அத்தை சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே, இது மிலிட்டரிக்காரங்களுதுடி. உங்கப்பனை ஏத்திக்கிட்டு வேன் திருச்சிக்குப் போயி அரைமணி நேரமாச்சு."

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் டயர் தடம் மட்டும் கிடந்தது. அம்மா அடிக்கவில்லை. "எங்கடி போயித் தொலைஞ்சே? உன்னையத் தேடித் தேடிப் பாத்துட்டுப் போனாரே" என்று அழுதாள்.

மூன்றாம் மாதம், அங்கே அவர் ஏறி நின்ற சாரம் சரிந்தது. அப்பா திரும்பவேயில்லை.

புறப்பட்ட அன்று காலை எனக்குத் தலைவாரிவிட்டபடி அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிளேன் கெளம்புறப்ப கையாட்டு தங்கம். அப்பா மேலேருந்து உன்னையத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."