கைதட்டிப் பார்த்த இடங்கள்

இசைவிழா நடத்தும் தொழிலில் பாடுகிறவருக்கு மாலை விழும், தபேலாக்காரருக்குக் கைதட்டல் விழும், இடம் பார்க்கிறவர் தலையில் வெயில் மட்டும்தான் விழும். நான் இடம் பார்க்கிறவள். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி அலைந்தவர்கள், வாடகை வீட்டுக்காகப் படியேறி இறங்கியவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சங்கம் மே மாதக் கடைசியில் மூன்று நாள் கோடை இசைவிழா நடத்தும். வழக்கமாகத் தென்சென்னையில் ஒரு குளுகுளு ஹாலில். பாடுகிறவர்களில் பாதிப் பேர் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள். கேட்கிறவர்கள் மட்டும் அந்தப் பக்கத்து ஆட்கள். இந்த வருஷம் எங்கள் தெரு ஜெனிஃபர் கொடி பிடித்துவிட்டாள். எங்களிடம் இருக்கிற குரல்களில் முதல் குரல் அவளுடையது. அவள் கணவர் அந்தோணி விசைப்படகில் போகிறவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மேடையில் தனியாகப் பாடி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒன்று கடலில் இருப்பார், இல்லையென்றால் தூங்குவார், இரண்டும் இல்லையென்றால் "அவ்ளோ தூரம் யாரு பஸ் ஏறுறது" என்பார். மே மாதத்தில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆள் கரையில் இருப்பார். அதனால் ஜெனிஃபர் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டி நம்ம பக்கத்துல வெய்யி ரீட்டா. இல்லாட்டி வேற ஆள பாத்துக்கோ."

ஏப்ரல் முடிவதற்குள் வடக்கே இடம் கிடைத்தால் வடக்கே, இல்லாவிட்டால் பழைய ஹால்தான் என்றார் சங்கத் தலைவர். தேடக் கிளம்பினோம், நானும் எங்கள் ஒலி அமைப்பாளர் பாஸ்கரும். பாஸ்கருக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் நடுவில் போய் நிற்பான், ஒரே ஒரு தட்டு கைதட்டுவான், கண்ணை மூடிக்கொண்டு எதிரொலியைக் கேட்பான். அதற்குப் பிறகுதான் பேச்சு. பார்க்கிறவர்கள் கொசு அடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபாதரின் நிபந்தனை

முதலில் ஒரு மாதா கோயில் ஹால். பாஸ்கர் கைதட்டினான், கண்ணைத் திறந்தான், "சோக்கா கீதுக்கா" என்றான். பங்குத்தந்தையும் தங்கமானவர். மே மாதம் மாதா வணக்க மாதம், சாயங்காலம் ஜெபமாலை இருக்கும், அது முடிந்ததும் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று நாளும் கீபோர்டு அவர்தான் வாசிப்பார்.

அங்கேயே வாசித்தும் காட்டினார். இடது கை ஒரு பாட்டிலும் வலது கை வேறொரு பாட்டிலும் இருந்தது. இரண்டும் எங்கேயாவது சந்திக்கும் என்று கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு காத்திருந்தோம். பாஸ்கர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துச் சொல்கிறோம் ஃபாதர் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பூசைச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். மெதுவாகச் சொன்னார்: "ஃபாதர் பாவமன்னிப்பு குடுத்துருவாரும்மா. கேக்க வர்றவங்களும் குடுக்கணுமில்ல?"

எத்தனை பந்தி?

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். மேனேஜர் எங்களை உட்கார வைத்து, ஃபேன் போட்டு, சோடாவும் வரவழைத்தார். கல்யாணமா, வளைகாப்பா, காதுகுத்தா என்று கேட்டார். இசைவிழா என்றேன். சரி, யாருடைய வரவேற்பில் கச்சேரி என்றார். யாருடைய வரவேற்பும் இல்லை, பாட்டு கேட்பதற்கு மட்டும்தான் வருவார்கள் என்றேன். மனுஷர் நோட்டைத் திறந்தார். எத்தனை பந்தி என்றார். பந்தியே கிடையாது என்றேன்.

எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை, பரிதாபம்தான். வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது என் தோள்பையைப் பிடித்து நிறுத்தி, சொந்த அண்ணன் மாதிரி புத்தி சொன்னார்: "சோறு போடாத பங்ஷனுக்கு எவன் வருவான்? மொதல்ல சமையல்காரன புடிம்மா, பாட்டுக்காரன அப்பால பாத்துக்கலாம்."

கண்டெய்னர் சந்து

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு காலி குடோன். உயரமான கூரை, உள்ளே ஜில்லென்று இருந்தது. பாஸ்கர் கைதட்டக் கையைத் தூக்கினான். வெளியே ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் நின்ற லாரி பதில் சொன்னது. அதற்கும் பின்னால் ஒன்று. வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை. பாஸ்கர் தூக்கிய கை தூக்கியபடியே நின்றான்.

மே மாதக் கடைசியில் இந்த வரிசை குறையுமா என்று முதல் லாரி டிரைவரிடம் கேட்டேன். அவர் ஸ்டியரிங் மேல் தட்டு வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதற்குக் கேட்கிறேன் என்று விசாரித்தார், சொன்னேன். சந்தோஷமாகிவிட்டார். "மே மாசம் முடிவுலயா? நான் அப்பவும் இங்கதான் நிப்பேன், கவலப்படாதீங்க, எனக்கு ஒரு முன்சீட்டு போட்ருங்க."

நெட்டுக்குப்பத்துக் காற்று

எண்ணூரில் நெட்டுக்குப்பத்துக் கழிமுகம். ஒரு பக்கம் கடல், எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், நடுவில் சாயங்கால வெளிச்சம். எனக்கு அந்த இடத்தை விட்டு வரவே மனசில்லை. ஜெனிஃபரையும் கூட்டிப் போயிருந்தோம். திறந்தவெளி என்பதால் கைதட்டினால் போதாது, பாடிப் பார்க்கவேண்டும் என்றான் பாஸ்கர். அவள் மணலில் நின்று முழுத்தொண்டையில் பாடினாள். பத்தடி தள்ளி நின்ற எனக்கு அவள் வாய் அசைவது தெரிந்தது. தெற்கேயிருந்து வந்த காற்று பாட்டை அப்படியே அள்ளிக்கொண்டு கழிமுகத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பக்கத்தில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் மூச்சு வாங்கி நிறுத்தியதும் அவரே தீர்ப்பு சொன்னார்: "நீ இங்கியே நின்னு பாடு கண்ணு. சேரெல்லாம் அந்தாண்ட கரையில போட்டுடு."

நிழலில் இருந்தவர்கள்

ஏப்ரல் கடைசி வாரம். ஜெனிஃபர் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். எனக்கும் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் காசிமேட்டு மீன் ஏலக்கூடம் நினைவுக்கு வந்தது. சிமெண்ட் தரை, பெரிய கூரை, கடல்காற்று. தடைக்காலத்தில் சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் மீன் கொண்டுவரும், காலையிலேயே ஏலம் முடிந்துவிடும், சாயங்காலம் சும்மா கிடக்கும். கேட்கவேண்டிய இடத்திலெல்லாம் கேட்டேன், சரி என்றார்கள். பாஸ்கர் நடுவில் நின்று கைதட்டினான். இரண்டு தடவை தலையாட்டினான்.

ஒரே தொந்தரவு, கூடம் முழுக்க வலை. தடைக்காலத்தில்தான் எல்லாரும் வலை பழுது பார்ப்பார்கள். மலைமலையாகக் குவித்து, தூணுக்குத் தூண் கட்டித் தொங்கவிட்டு, நடுநடுவே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வந்து பார்ப்பதற்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று எனக்கு அவசரம். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் அந்தோணி. பாடப்போவது உங்கள் வீட்டம்மாதான் அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "பாட்டு மூணு நாளு. வல சரியில்லாட்டி வருசம் பூரா பட்டினி. நீயே சொல்லு, எத்த மொதல்ல பாக்குறது?"

எடு, போடு

மறுநாள் காலையில் போனால் கூடம் சுத்தமாக இருந்தது. வலையெல்லாம் படகுகளுக்குப் போய்விட்டது, ஆட்கள் அங்கே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி ஜெனிஃபர் வீட்டில் ஒரு பேச்சு பேசினாளாம். தெருவே கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாஸ்கரைக் கூப்பிட்டு, இப்போது தட்டு என்றேன். தட்டினான். அந்த ஒரு தட்டு கூரையில் முட்டி, சுவரில் முட்டி, தரையில் உருண்டு, மறுபடி கூரைக்குப் போனது. ஒரு வார்த்தை பேசினாலே நாலு பேர் சண்டை போடுகிற மாதிரி கேட்டது.

நேற்று நன்றாக இருந்த கூடம் இன்று இப்படி ஏன் ஆனது? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்தது வலைகள்தான். காலி செய்யச் சொன்ன மகராசி நான்தான். தயங்கித் தயங்கிப் படகுப்பக்கம் போய், வலையைத் திரும்பக் கொண்டுவந்து போடமுடியுமா, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, ஆட்களும் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கேட்டேன். எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எடுன்ன, எடுத்தோம். போடுன்ற, போடுறோம். அப்டியே மீன் எந்தப் பக்கம் கீதுன்னும் சொல்லிட்டினா நாங்க வூட்லயே குந்திக்குவோம்."

தலைவரின் கைக்குட்டை

வலைகள் திரும்ப வந்துவிட்டன, ஆனால் தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். இறங்கியதும் கைக்குட்டை மூக்குக்குப் போனது. தரையை இரண்டு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தோம். ஆனாலும் பல வருஷத்து மீன் வாசனை ஒரு நாள் பவுடருக்குக் கட்டுப்படுமா? ரீட்டா, இங்கே யார் வந்து உட்காருவார்கள் என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே கேட்டார். ஜெனிஃபர் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஐஸ் விற்கும் மேரி அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், தலைவரை உட்கார வைத்தார், கையில் டீயையும் கொடுத்தார். டீ குடிக்கவேண்டுமென்றால் கைக்குட்டையை எடுத்தாகவேண்டும். எடுத்தார். கடல்காற்று அடித்தது. டீ முடிந்த பிறகும் அவர் கைக்குட்டையைத் தேடவில்லை. சரி, இங்கேயே நடத்துங்கள் என்று எழுந்தார். மேரி அக்கா தம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல கொஞ்சம் பேஜாராத்தான் இருக்கும் சார். அப்பால நீயும் எங்காளு."

அந்தோணி

விழாவின் முதல் நாள். மெட்ரோவிலும் ஷேர் ஆட்டோவிலும் தெற்கேயிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். லுங்கியும் பட்டுப்புடவையும் ஒரே வரிசையில் உட்கார்ந்தன. இரண்டு பக்கமும் வலைக்குவியல்கள், அவற்றுக்கு நடுவே அந்தோணியும் அவருடைய ஆட்களும். அவர் ஒரு தூணோரமாக, மேடைக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் பாட ஆரம்பித்தாள். குரல் எங்கேயும் முட்டாமல் சுத்தமாக வந்தது. பாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் பாட்டைக் கேட்கவில்லை, அந்தோணியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் வலை ஊசி போய்வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் வேகம் குறைந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் நின்றேவிட்டது. மேடைப்பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டியபோது ஜெனிஃபர் யாரையும் பார்க்கவில்லை, அந்தத் தூணை மட்டும்தான் பார்த்தாள். நான் மெதுவாகப் போய், எப்படி அண்ணே என்று கேட்டேன். அவர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இந்தக் குரல வெச்சிகினா தெனிக்கும் என்னிய அந்தத் திட்டு திட்டுது?"

வடசென்னை முழுக்க வெயிலில் அலைந்து நான் கண்டுபிடித்த அந்த ஏலக்கூடத்தின் கூரை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணுக்கு எதிரே தெரிகிறது என்பதைத் தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.