கோட்டின் மேல் எழுந்த சுவர்

எங்கள் தெருவில் யார் வீடு கட்டினாலும் பாதி மேற்பார்வை என்னுடையதுதான். யாரும் கேட்டுக்கொள்வதில்லை, நானாகச் செய்கிற சேவை. ஜெராக்ஸ் கடையில் தாள் உள்ளே போய் வெளியே வருகிற நேரமெல்லாம் கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. "இப்படி வேடிக்கை பார்க்கிறதுக்குச் சம்பளம் குடுத்திருந்தா நமக்கு இந்நேரம் பங்களாவே இருந்திருக்கும்" என்பாள் என் மனைவி. அதனால், கடைக்கு நேர் எதிரே கிடந்த காலி மனையைத் தையற்காரம்மா வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கினது அவர், சந்தோஷம் எனக்கு.

தையற்காரம்மா அதே தெருவில், நாலு வீடு தள்ளி, மாடியில் வாடகைக்கு இருந்தார். அவருடைய மெஷின் கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தெருவில் பாதிப் பேருடைய தோளும் இடுப்பும் அவர் நாடாவுக்கு மனப்பாடம். அவருடைய கணவர் லாரி டிரைவராக இருந்தவர். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலிக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாடியிலிருந்து அவரை இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர அவர் இறங்குவதே இல்லை. குளியலறைக்குப் போவதென்றாலும் கீழே மெஷினை நிறுத்திவிட்டு மனைவி மேலே ஓட வேண்டும். அவரும் கூச்சப்பட்டுக்கொண்டு முடிந்தவரை அடக்கிக்கொண்டிருப்பார். இதைத் தையற்காரம்மாவே ஒருநாள் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

காண்ட்ராக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை நகல் எடுக்கத்தான் தையற்காரம்மா அன்று கடைக்கு வந்திருந்தார். தாள் வெளியே வருவதற்குள் மனம் மாறிவிட்டது.

"வேணாம்ணே, நிறுத்திடுங்க. இவரு கேக்கறதக் குடுக்கணும்னா நான் அடுத்த ஜென்மத்துலயும் தைக்கணும். நானே ஆள வச்சுக் கட்டிக்கறேன்."

"வீடு கட்டறது உனக்குத் தெரியுமாம்மா?"

"சட்டை தைக்கவும்தான் தெரியாம இருந்துச்சு. வீடுன்னா என்னண்ணே? அவரு யாரையும் கூப்பிடாம பாத்ரூம் போகணும், யாரையும் கூப்பிடாம வாசலுக்கு வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் ஒழுகாம இருந்தாச் சரி."

நகலுக்கு நான் காசு வாங்கிக்கொள்ளவில்லை. பாதித் தாளுக்கு என்னவென்று வாங்குவது?

அதற்குப் பிறகு எதிர்மனையில் நடந்ததெல்லாம் எனக்குப் புதிராகவே இருந்தது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே ஒரு வண்டியில் ஜன்னல்கள் வந்து இறங்கின. எங்கோ பழைய வீட்டை இடித்த இடத்தில் வாங்கியவை. சுவரே இல்லாத மனையில் ஜன்னல்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. மண்டை குடைய, கடையை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்க் கேட்டேன்.

"துணியப் பாக்காம யாராவது சட்டைக்குக் கத்தரி வைப்பாங்களா? ஜன்னல் எந்த அளவோ அந்த அளவுக்குச் சுவத்துல வழி விடச் சொல்லிட்டாப் போச்சு. சுவத்தக் கட்டிட்டு அதுக்கு ஜன்னல் செய்யச் சொன்னாத்தான் தச்சன் கேக்கற விலை" என்றார்.

செங்கல் வந்தது. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். கணீரென்று சத்தம் வராத கல்லெல்லாம் வண்டியிலேயே திரும்பிப் போனது. சமையலறையையும் குளியலறையையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தார். குழாய் பாதியாகக் குறைந்துவிட்டது. எந்த வேலையானாலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி. கம்பி கட்டுகிறவரைக் கேட்டார், தண்ணீர் ஊற்றுகிறவரைக் கேட்டார். ஒருநாள் மேஸ்திரி என் கடைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சார், இந்தம்மாவுக்குப் பதில் சொல்லியே என் நாக்கு தேஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, ஒரு தடவை சொன்னா மறுபடி கேக்க மாட்டாங்க" என்றார். சலிப்பாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது பெருமைப்படுகிற மாதிரி இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கடையை விட்டு எழுந்து நிற்க வைத்தது, அஸ்திவாரத்துக்கு முன்னால் மனையில் அறைகளைக் குறித்த நாள்தான். தையற்காரம்மா படம் வரைந்து யாரிடமும் கொடுக்கவில்லை. சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு மனை முழுக்கத் தரையிலேயே கோடு போட்டார். இது படுக்கையறை, இது சமையல், இது நான் தைக்கிற அறை, இது குளியலறை. வீடு அதே அளவில், உயரம் மட்டும் இல்லாமல் படுத்துக்கிடந்தது. பிறகு கணவரைத் தூக்கிவரச் சொன்னார். ஒரு பக்கம் மேஸ்திரி, மறுபக்கம் நான்.

டிரைவரை அந்தக் கோட்டு வீட்டுக்குள் உட்கார வைத்து, நாடாவால் அளந்தார். நாற்காலியின் அகலம், முழங்கை விரிப்பு, கால் நீட்டினால் எவ்வளவு, முழுசாக ஒரு சுற்றுத் திரும்ப எவ்வளவு. "கையத் தூக்குங்க. இப்படித் திரும்புங்க. கொஞ்சம் பின்னால போங்க." அவரும் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் மாதிரி வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினார், திரும்பினார், பின்னால் போனார். நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்புவதற்குச் சரியாக, ஒரு விரல்கூட அதிகமில்லாமல், குளியலறைக் கோடு விழுந்தது. இடம் வீணானால் கல்லும் சிமெண்டும் வீண் என்பது அவர் கணக்கு.

மேஸ்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, சுவர் கோட்டுக்கு உள்ள வரணுமா, வெளிய வரணுமா?"

"இதென்ன கேள்வி மேஸ்திரி? கோட்டு மேலதான். இல்லன்னா கோடு எதுக்குப் போட்டேன்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மேஸ்திரி எதையோ சொல்ல வந்து, இன்னொரு "ஏன்" கிளம்பிவிடுமோ என்று பயந்தோ என்னவோ, மென்று விழுங்கிவிட்டார்.

சுவர்கள் முழங்கால் உயரம் வந்தபோது தையற்காரம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை. மறுபடி டிரைவரைத் தூக்கிவந்தோம். படுக்கையறை வரை நன்றாகத்தான் உருட்டிக்கொண்டு வந்தார். குளியலறைக்குள் நுழைந்து திரும்பப் பார்த்தார். முன்னால் கால் இடித்தது. கொஞ்சம் பின்னால் வந்தார். பின்சக்கரம் இடித்தது. மறுபடி முயன்றார். அவ்வளவுதான், அந்த நாலு சுவருக்குள் குறுக்காக மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தையற்காரம்மா நாடாவைப் பிரித்தார். இந்தச் சுவர் உள்பக்கம் நாலரை அங்குலம் தின்றிருந்தது. அந்தச் சுவரும் நாலரை. துணிக்குத் தடிமன் கிடையாது. கோட்டின் மேல் கத்தரி ஓடினால் இந்தப் பக்கமும் முழுசு, அந்தப் பக்கமும் முழுசு. வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டிய கை, சுவருக்கும் உடம்பு உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. அவர் முகம் வெளிறிப்போனது.

"இடிங்க மேஸ்திரி" என்றார். "என் தையல் ரூம் பக்கம் இருக்கற சுவத்த இடிச்சு அந்தப் பக்கம் தள்ளுங்க."

"அஸ்திவாரமே இங்கதானம்மா இருக்கு. சுவத்த மட்டும் தள்ள முடியாது. அதையும் புதுசாப் போடணும். கையக் கடிக்கும்."

"கடிக்கட்டும். ரூமே வேணாம், எடுத்துடுங்க. நான் பழையபடி மாடிப்படிக்குக் கீழயே தைச்சுக்கறேன்."

"அந்த வாடகை வீட்ட விட்டப்பறம் சாப்பாட்டுக்கு எங்க தைப்ப?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டிரைவர்தான். அவர் அங்கே இருப்பதையே நாங்கள் மூன்று பேரும் மறந்துவிட்டிருந்தோம்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் இவ்வளவும்."

"எனக்காகத்தான? அப்ப நான் பேசலாமில்ல? இதுக்குள்ள நான் எதுக்குத் திரும்பணும்?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"லாரிய முட்டுச்சந்துல விடறவன் உள்ள போய்த் திருப்ப மாட்டான். ரிவர்ஸ்ல போவான், நேரா வெளிய வருவான். இருபது டன்ன அப்படி எடுத்திருக்கேன், இந்த நாற்காலிய எடுக்க மாட்டேனா? எனக்குத் திரும்ப இடம் வேணாம். படுக்கையிலேர்ந்து பாத்தா பாத்ரூம் வழி நேரா இருக்கணும். நீங்க நடுவுல வழி விட்டிருக்கீங்க, அதான் வளைய வேண்டியிருக்கு. வழிய அந்த மூலைக்கு மாத்துங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். முடிஞ்சுது."

மேஸ்திரி போய் மூலையைப் பார்த்தார். சில வரிசைக் கல்லை எடுத்து நடுவில் விட்டிருந்த இடைவெளியை அடைத்தால் தீர்ந்தது. அரை நாள் வேலை. "அட!" என்றார்.

தையற்காரம்மாவுக்கோ சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ கேட்டாத்தான? கையத் தூக்குன்ன, தூக்கினேன்."

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடித்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை. பிறகு அந்த முழங்கால் சுவரின் மேல் உட்கார்ந்து, எங்கள் எதிரிலேயே அழுதார். நான் அங்கே நிற்பது அநாகரிகம் என்று தெரிந்தும் நின்றேன். நல்லவேளை, கடையில் யாரோ கூப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து டிரைவரைத் தினமும் மனைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். தூக்கிவருவது நானும் மேஸ்திரியும். என் தோள்பட்டைக்கு யாரும் இரக்கப்படவில்லை. ஆனால் அந்த மனிதர் வந்து உட்கார்ந்ததும் மனையின் நிறமே மாறியது. மணல் லாரி வந்தால் இறக்குவதற்கு முன்னால், "தம்பி, கேபின் பக்கம் குழியா இருக்கே, மட்டம் பண்ணிட்டு அளப்போம். நனைச்சு உப்ப வச்சும் வேற கொண்டாந்திருக்கீங்க" என்பார். வந்த டிரைவர் அசடு வழிவான். எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா என்று கேட்கிற சிரிப்பு ஒன்று அவரிடம் இருந்தது. தையற்காரம்மா இவ்வளவு கேள்வி கேட்டும் மணலில் மட்டும் ஏமாந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டு வீட்டுக்கு எவ்வளவு, தளத்துக்கு எவ்வளவு, எந்த வண்டி எந்த வழியில் வந்தால் வாடகை குறையும் என்று இரண்டு பேரும் கடைக்கு எதிரே உட்கார்ந்து ஓயாமல் வழக்காடுவார்கள். நாலு வருஷத்தில் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போதுதான் கணவன் மனைவி மாதிரி இருந்தார்கள்.

வீடு முடிந்தது. பூச்சு வெளிப்பக்கம் பாதியில் நின்றது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வாசலில் படி கிடையாது. தெருவோடு சரிவாக இணையும் தரை. குடிவந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் கடையில் கூட்டம், எனக்குத் தலைக்கு மேல் வேலை. தையற்காரம்மா கழுத்தில் நாடாவோடு ஓடிவந்தார்.

"அண்ணே, அவரப் பாத்தீங்களா?"

எதிர்வீட்டில் ஈ பறந்தாலும் சொல்லுகிற நான், இதை மட்டும் பார்க்கவில்லை. "உள்ள இல்லையா?"

"பாத்ரூம்ல இல்ல, வாசல்ல இல்ல. நான் தைச்சுக்கிட்டு இருந்தேன், சத்தமே கேக்கல. எங்க போவாரு? எப்படிப் போவாரு?"

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். நடந்தோம் என்பது தப்பு, ஓடினோம். தெரு முடிந்து பெரிய சாலை தொடங்குகிற முனையில் லாரிகள் நிற்கும். அங்கே டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத மூன்று டிரைவர்களுக்கு நடுவில், கையில் கிளாஸோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதை. கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே." என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சுவர் ஓரமாக நிறுத்தினார். மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"நாலு வருஷமா எந்த நேரத்துல கேட்டாலும் இவரு எங்க இருப்பாருன்னு எனக்குத் தெரியும்ணே. இன்னைக்குத்தான் தெரியல."