மூன்று தரம் திரும்பிப் போனவர்

கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றின் பதினான்காம் மாடியில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா இந்த நாட்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். இங்கே படிப்பிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் இரண்டு வருடமாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. சான்றிதழ்கள் சண்டையில் வீட்டோடு எரிந்துபோனதால் அவர் அதை நிரப்பவில்லை. அம்மாவும் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கட்டுரை தந்தார்கள். நூறு வருடங்களுக்கு முன் இந்த நாட்டுக் கிராமமொன்றில் படிப்பித்து, பிறகு மாகாணச் சட்டசபைக்குப் போன ஒருவரின் வாழ்க்கை. நூலகப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா வேலை உடுப்புக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் பிறகு படிப்பிக்கத் திரும்பிப் போனவரோ?"

அடுத்த பக்கத்தில் 'ரிட்டேர்ண்ட்' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. திரும்பினார் என்ற ஒரே கருத்துதான் எனக்குத் தெரியும்.

"ஓம் அப்பா. மூண்டு தரம் போயிருக்கிறார்."

அப்பா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். "மூண்டு தரமாம்" என்று அம்மாவிடம் சொல்லும்போது சிரித்தார். காலையில் முதல் வேலையாக அதைத் தபாலில் போட்டார்.

அன்று வகுப்பில் என் கட்டுரையை வாசித்த ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தேர்தலில் தெரிவானார் என்று பொருளாம். மனிதர் மூன்று தரம் வென்றிருக்கிறார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால், அப்பா தன் வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் கட்டுரையைப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மூலச் சான்றிதழ்கள் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான் என்று அழுதழுது உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், குஞ்சு. ஊரிலை எத்தினை எலெக்சனுக்கு டியூட்டி பாத்தனான்! அதை நடத்திற பெரியவருக்குப் பேரே ரிட்டேர்னிங் ஒஃபிசர்தானே."

"அப்ப ஏனப்பா அனுப்பினனீங்கள்?"

அப்பா வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதம் உண்மையை மறைத்துத் தவித்த எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளையின் பிழையைத் திருத்த மனமில்லாமல், அதையே பிடித்துக்கொண்டு ஒரு விண்ணப்பம் போடுமளவுக்கு அவருக்கு ஒரு வகுப்பறை வேண்டியிருந்தது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.