ஏற்காட்டுக்கு ஒரு படகு, பிக்கப்புக்கு நான்கு டயர்

போன மார்கழியில் ஏற்காடு போனோம், அதுவும் ஒரு படகை ஏற்றிக்கொண்டு! சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் நானும் தம்பி ஸ்டீபனும் ஃபைபர் படகு கட்டுகிறோம். மலைமேல் ஒரு விடுதிக்காரர் தன் குளத்துக்குத் துடுப்புப் படகு கேட்டிருந்தார். கடலுக்குப் போகாத எங்கள் முதல் படகு அது. பிக்கப்பை ஓட்டுவது நான். மலை ஏறியதே கிடையாது.

பழைய டயர்கள் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஓடி ஓடி வழுவழுவென்று ஆகியிருந்தன. செங்கல்பட்டில் ஒரு டயர் கடைக்குப் போனோம். ஸ்டீபன் போனைக் காட்டினான்.

"அக்கா, இத்த பாரு, பனில ஓட்ற டயரு. குளிருக்கு இதான் கரீட்டு."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "ஏற்காட்ல இன்னா ஐஸா கொட்டுது? அது மெத்து ரப்பரு தம்பி, நம்ம வெயில்ல சீக்கிரம் தேஞ்சிரும். அங்க கீறது மழையும் பாசியுந்தான்."

எனக்கு வேறொரு கவலை. படகு பார்க்கத்தான் பெரிசு, எடை குறைவு. பின்பக்கம் பாரமில்லாத பிக்கப் ஈரமான ஏற்றத்தில் சக்கரத்தைச் சுற்றவிடும். அதனால் நேர்க்கோடு மட்டும் போட்ட நெடுஞ்சாலை டயரை விட்டுவிட்டு, குறுக்கே ஆழமாக வெட்டிய எல்லாப் பருவத்துக்குமான டயரை எடுத்தேன். ஒன்று ஏழாயிரம். "பின்னால ரெண்டு போதும்க்கா" என்றான் ஸ்டீபன். நான்கையும் மாற்றினேன்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கோவளத்திலிருந்து கிளம்பி, திருப்போரூர், செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக மதியம் சேலம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் ஸ்டீபன் கத்தி எண்ணினான். பாதி தாண்டியதும் மூடுபனி, கூடவே தூறல்.

முன்னால் ஏறிய வேன் ஒரு வளைவில் நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பிறகு பின்னால் வழுக்க ஆரம்பித்தது.

"அக்கா! நம்ம மேல வருது!"

ரிவர்ஸ் போட்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வளைவின் அகலமான ஓரத்துக்கு இறக்கினேன். ஈரத்தில் ஒரு சக்கரமும் நழுவவில்லை. வேன் எங்களை உரசாமல் கடந்து, மலையோர வாய்க்காலில் பின்சக்கரம் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. வேனுக்குள் அழுத இரண்டு குழந்தைகளையும் அவர்கள் அம்மாவையும் என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். வேனை ஓட்டிவந்த மதுராந்தகத்து டிரைவர் தன் டயரைத் தடவிப் பார்த்தார்.

"மொட்டையா கீதுன்னு தெரியும்க்கா. பொங்கலுக்கு மாத்திக்கலாம்னு வுட்டுட்டேன்." ஜீப் ஒன்றை வரவழைத்து வேனை எடுக்க அவர் அங்கேயே இருந்தார்.

கேபினில் இடமில்லாமல் போன ஸ்டீபன் பின்னாலிருந்த படகில் ஏறி உட்கார்ந்தான். மிச்ச வளைவுகளைப் படகிலிருந்தே எண்ணியதைக் கேட்டு, அழுத குழந்தைகள் சிரிக்க ஆரம்பித்தன.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் மலைகளுக்குப் பனி டயர் வேண்டாம். ஈரத்தில் பிடிக்கிற டயர் வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு தயாரித்த வருடம். பழைய வருடமாக இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காற்றை டயர் சூடாகும் முன் பாருங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர். முக்கியமாக, முன்னால் போகும் வண்டியோடு ஒட்டிப் போகாதீர்கள். நான் விட்டிருந்த இடைவெளிதான் ரிவர்ஸ் போட நேரம் தந்தது.

சாயங்காலம் படகைக் குளத்தில் இறக்கினோம். முதல் சுற்று, வேன் வரும்வரை எங்களோடு விடுதியில் இருந்த அந்தக் குழந்தைகளுக்குத்தான். ஸ்டீபன் துடுப்புப் போட்டான். காலையிலிருந்து வண்டி ஓட்டிய நான் அப்போதுதான் கரையில் உட்கார்ந்தேன். குழந்தைகளின் அம்மா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.